ஓடக்காரியின் இடது கால்

சின்னவளுக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் வந்ததே ஒரு மனுஷனின் மூக்கை உடைப்பதற்காகத்தான். இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கேட்டவர்கள்தான் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிறவள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடுத்தவர் இருமலையும் வயிற்றுப்போக்கையும் காது கொடுத்துக் கேட்கிறவள், வீட்டுக்குப் போனால் ஏதாவது ஒரு தொடரைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொள்ள வேண்டியதுதானே? அவள் சரித்திர நாவல் படித்தாள். ஒற்றர்களும் சதிகளும் குதிரைகளும் நிறைந்த தடித்தடியான நாவல்களைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

எல்லாம் அக்காளுக்காக. அக்காள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். லீவு நாள் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைத் தெருக்களுக்குக் கிளம்பிவிடுவாள். பாலம் வருவதற்கு முன்னால் படகுத்துறை எங்கே இருந்தது, கயிறு திரிப்பவர்கள் எந்தச் சந்தில் குடியிருந்தார்கள், பழைய கிடங்கின் கதவு ஏன் தெருப்பக்கம் இல்லாமல் ஆற்றுப்பக்கம் இருக்கிறது என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. உட்காரவைத்து டீ கொடுத்து, விட மாட்டேன் என்று பேசித் தீர்த்தவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகம் போட்டாள். உள்ளே இருந்த வரைபடங்கள் அவள் கையாலேயே வரைந்தவை. புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிய அன்று அக்காள் சமைக்கவே மறந்துபோனாள். அத்தான்தான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார்.

நகர நூலகத்தின் மாடியில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதம் ஒரு புத்தகம். உள்ளூர்க்காரர் எழுதியது என்றால் எழுதியவரையும் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு சட்டம் இருந்தது. எழுதியவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. கடைசி வாசகர் தன் கருத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் தும்மலாம், தண்ணீர் குடிக்கலாம், பேசக் கூடாது. எல்லாரும் முடித்த பிறகு வாசகர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். விளக்கம் சொல்லுவதற்கு அனுமதி கிடையாது. எப்போதோ ஒரு கவிஞர் தன் கவிதைக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்து, காவலாளி வந்து விளக்கை அணைத்த பிறகும் நிறுத்தவில்லையாம். அந்த வயிற்றெரிச்சலில் போட்ட சட்டம்.

அக்காளின் புத்தகத்துக்கு முறை வந்த அன்று கடைசியாகப் பேசினவர் சிவப்பு மை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடச் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவித் திருத்திக் கையில் கொடுப்பார், அதனால் ஊர் வைத்த பேர். அவர் அக்காளின் புத்தகத்தை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இதுல ஆதாரம்னு ஒண்ணு எங்கயாவது இருக்கா? அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்க, எதிர்வீட்டம்மா சொன்னாங்க. இது வரலாறு இல்லீங்க. அடுப்படிப் பேச்சு. டீச்சர் பாவம், லீவுல பொழுது போகாம எழுதியிருக்காங்க. பொழுது போயிருந்தா சந்தோஷம்."

நாலு பேர் சிரித்தார்கள். அக்காள் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி உண்டா என்று நூலகர் கேட்டபோது இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதோடு விட்டார்களா? கடைசியாகப் பேசினவரின் கருத்தை எழுதி நூலக வாசலில் ஒரு மாதம் ஒட்டிவைப்பது வட்டத்தின் வழக்கமாம், ஒட்டினார்கள். அக்காளிடம் படிக்கிற பிள்ளைகளெல்லாம் வந்து படித்துவிட்டுப் போனார்கள். அவள் வகுப்பில் வரைபடம் போடத் திரும்பினால் பின்வரிசையிலிருந்து "அடுப்படி" என்று முனகல் கேட்கும். அக்காள் குடையை மூலையில் சாத்தினாள். கயிறு திரிப்பவர்களைப் பற்றிப் பாதி எழுதியிருந்த இரண்டாவது புத்தகம் பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் தூசி தின்றன.

"விடுடி. அவர் படிச்சவர். ஏதோ சொல்லிட்டாரு" என்றாள் அக்காள்.

சின்னவள் விடுகிற ரகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலை ஒடித்தவளோடு அவள் கல்யாணம் வரைக்கும் பேசவில்லை. கல்யாணத்திலும் பரிசைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள். அப்படிப்பட்டவள் கணக்குப் போட்டாள். அடுத்தவர் எழுத்தை இப்படிக் கிழிக்கிற ஆசாமி தானும் ஒன்றை எழுதாமல் கண்ணை மூட மாட்டார். எழுதினால் வட்டத்துக்குக் கொண்டுவராமல் இருக்க மாட்டார். கொண்டுவந்தால் அந்த ஜன்னலோர நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு எதிர் நாற்காலியில் நான் இருக்க வேண்டும். இதுதான் கணக்கு. மறுமாதமே வட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. போகப்போகப் பிடிபட்டது. பிறகு, கெட்ட காரியத்துக்குப் போன இடத்தில், பிடித்தும் போய்விட்டது. வட்டத்தில் அவள் சொல்லும் கருத்துக்குத் தனி மரியாதை வந்தது.

"எல்லா நாவல்லயும் குதிரை ஓடுது. ஒரு குதிரையாவது லத்தி போடுதா? அதை அள்ளுறதுக்கு ஒரு ஆளாவது இருந்திருப்பான்ல. அவன் எங்க?" என்று ஒருதரம் கேட்டாள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் வட்டத்தில் இருந்தார், அவருக்கு அது தாங்கவில்லை. "லத்தி அள்ளுறவனைப் பத்திப் படிக்கவா மேடம் நான் வர்றேன்? அதை நான் வேலையிலயே பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ராஜா வேணும், சண்டை வேணும். நடந்துச்சா நடக்கலையாங்கிறது பத்தி எனக்குக் கவலையே இல்ல."

"எனக்கு இருக்கு" என்பார் பல் டாக்டரம்மா. "நாவல்ல ஒரு கோட்டை இடிஞ்சதுன்னா, மறுநாள் நான் போயி அந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கணும். இல்லன்னா ஏமாத்தின மாதிரி இருக்கு. அதுக்குத்தான் நம்ம ஊரைப் பத்தின புத்தகம்னா விடமாட்டேன்."

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே வருஷங்கள் ஓடின. நூலகர் கடைசியில் கூட்டத்தை நடத்தும் பொறுப்பையே சின்னவளிடம் ஒப்படைத்தார். கடைசியாக யார் பேசுவது என்று முடிவு செய்கிறவர் நடத்துகிறவர்தான், தன்னையே கூட வைத்துக்கொள்ளலாம். அந்த வரம் தானாகக் கையில் வந்து விழுந்த அன்று சின்னவள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, தனக்குத்தானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டாள்.

சிவப்பு மைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் யாருடைய தங்கை என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரைக்கு அவள் கடைக்குத்தான் வருவார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் என்ன என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை என்று சொன்னால் அது பொய், நினைத்தாள். ஆனால் தொழில் வேறு, பகை வேறு. சரியான மாத்திரையை, சரியான அளவில், சிரித்த முகத்தோடு உறையில் போட்டுக் கொடுத்தாள். மனுஷன் திடமாக இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் வந்து உட்கார அவருக்குத் தெம்பு வேண்டாமா?

வந்தது நாவல். சிவப்பு மை எழுதிய முதல் நாவல். பாலத்துக்கு முந்தைய காலத்து ஆற்றங்கரை, ஒரு ஓடக்காரி, அவளைச் சுற்றி வரிவசூல் அதிகாரிகளின் அட்டூழியம். ஊரே தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. நகரமன்றம் ஊர் மரபைப் பற்றிய நூலுக்குத் தரும் பரிசு இந்த வருஷம் அவருக்குத்தான் என்று பேச்சு. பள்ளிகளில் துணைப்பாடமாக வைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார்கள். அதாவது அக்காள் வகுப்பிலேயே அதை நடத்த வேண்டிவரும். கேட்ட அன்று சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாவலில் எல்லாரும் மெச்சியது ஒரு காட்சியை. வெள்ளம் பெருகிய ஆற்றின் நடுவில் ஓடக்காரி படகை நிறுத்துகிறாள். படகின் அடிப்பலகையில் இருந்த மரக்கட்டை அடைப்பானை உருவி ஆற்றில் எறிகிறாள். அந்த ஓட்டையைத் தன் இடது குதிகாலால் அழுத்தி மூடிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் "வரியைக் குறைக்கிறேன்னு எழுதிக் கொடு, இல்லன்னா காலை எடுத்துருவேன்" என்கிறாள். அதிகாரி நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான்.

சின்னவள் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மேலே அக்காள் குடியிருக்கும் மாடிக்கு ஓடினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அக்காளின் புத்தகத்தை இழுத்துத் தூசியைத் தட்டிப் பிரித்தாள். படகுத்துறை அத்தியாயத்தின் முடிவில் அப்படியே இருந்தது. அடைப்பான், இடது குதிகால், கையெழுத்து, எல்லாம், வட்டத்தில் யாருக்கும் ஞாபகம் நிற்காத ஒரே ஒரு பத்தியில். மனுஷன் அந்த ஒரு பத்தியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து முப்பது பக்கம் ஆக்கியிருந்தார். முன்னுரையில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'இச்சம்பவம் இதுவரை எவராலும் எழுதப்படாதது. பழைய படகுத்துறை அலுவலக ஆவணங்களில் இதை என் கண்ணால் கண்டேன்.'

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று ஒரு குதி குதித்தாள். குதித்தவள் அப்படியே நின்றாள். பிடித்ததாக எப்படி ஆகும்? நடந்த சம்பவம் என்றால் அக்காளுக்கு ஒருவர் சொல்லியிருப்பார், சிவப்பு மைக்கு ஆவணம் சொல்லியிருக்கும். உங்கக்கா கேள்விப்பட்டதை நான் ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டேன் என்று அந்த ஆள் மார்தட்டுவார். நன்றி வேறு சொல்லச் சொல்வார்.

இரண்டு நாள் கழித்துத் தாய்மாமா முதுகுவலித் தைலம் வாங்கக் கடைக்கு வந்தார். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்தில் பாதி மீசை, வாயில் முழுக்கப் பேச்சு. முக்காலியில் உட்கார்ந்தவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நாவலைப் புரட்டினார். பாதிப் பக்கம் படித்திருப்பார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, சின்னவள் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

"சின்னவளே, இது என் நாடகம்டி."

"என்ன மாமா உளர்றீங்க?"

"வெளியூர்ல வேலையா இருக்கும்போது எங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல ஒரு நாடகம் போட்டோம். நான்தான் ஓடக்காரி. அப்ப மீசை கிடையாது, அம்சமா இருப்பேன். அட்டையில செஞ்ச படகு. ஏறி நின்னேனா, இடது கால் அட்டையைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. இழுத்தா படகே கிழியும். எதிர்ல அதிகாரி வேஷக்காரன் வசனத்தை மறந்துட்டு முழிக்கிறான். நானா ஒரு வசனத்தை எடுத்து விட்டேன்: 'அடைப்பானைப் புடுங்கிட்டேன், காலால மூடியிருக்கேன், வரியைக் குறைக்கிறியா இல்லையா?' ஜனங்க கைதட்டுனாங்க பாரு."

"இதை அக்காகிட்ட நிஜம்னு சொன்னீங்களா?"

மாமா தைலக் குப்பியைத் திருகித் திருகித் திறந்தார். "உங்கக்கா பேனாவைப் புடிச்சிக்கிட்டு அவ்வளவு ஆசையா முன்னாடி வந்து உக்காந்தா. படகுத்துறை பத்தி ஏதாவது தெரியுமா மாமான்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். சும்மா அனுப்ப மனசு வரல. நடந்துச்சுன்னேன். மேடையில நடந்துச்சுதானே?"

சின்னவளுக்கு முதலில் வந்தது பேரானந்தம். வேறு ஊரில், ஒரே ஒரு தடவை, அட்டைப் படகில் மாமாவின் கால் மாட்டிக்கொண்டதால் பிறந்த கதை எந்த அலுவலக ஆவணத்தில் இருக்கும்? உலகத்திலேயே இது எழுத்தில் இருந்த ஒரே இடம் அக்காளின் புத்தகம். அடுப்படிப் பேச்சு என்று ஊரைக் கூட்டிச் சிரித்த புத்தகத்திலிருந்து திருடி, கண்ணால் கண்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். ஆள் தொலைந்தார். சாயம் வெளுக்கப்போகிறது.

மாமா போன பிறகுதான் அடுத்தது உறைத்தது. அவரைப் பிடிக்க வேண்டுமானால் இந்தக் கதை பொய் என்று சபையில் சொல்ல வேண்டும். பொய் என்றால் அக்காளின் புத்தகத்திலும் அது பொய். அன்றைக்கு அந்த மனுஷன் சொன்னது சரியாகிவிடும். இவ்வளவு வருஷம் காத்திருந்து கடைசியில் கையில் கிடைத்த ஆயுதத்துக்கு இரண்டு பக்கமும் கூர். ஒரு பக்கம் அவர் கழுத்து, மறுபக்கம் அக்காள் கழுத்து. சின்னவள் அன்று மாத்திரை அட்டைகளைத் தப்பாக அடுக்கி, எடுத்து, மறுபடியும் தப்பாக அடுக்கினாள். கடைசியில் முடிவு செய்தாள்: அக்காளுக்குத் தெரியவே கூடாது. அந்தக் காட்சியைத் தொடாமல், நடை சரியில்லை, பாத்திரம் சரியில்லை என்று ஏதாவது சொல்லிக் கிழித்துவிட்டு வந்துவிடலாம். நினைத்தபோதே நாக்கு கசந்தது. இவ்வளவு காத்திருந்தது கீறிவிட்டு வருவதற்கா?

ஆனால் மாமாவின் வாய்க்குப் பூட்டு ஏது? மறுநாளே அக்காள் வீட்டில் போய் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். அக்காள் செருப்பைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்தாள். இருமல் மருந்துக்கு நின்றிருந்த இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"உனக்கு நேத்தே தெரியுமா?"

"அக்கா, உள்ள வா. பேசலாம்."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும். உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல."

"என் புத்தகத்துல பொய் இருக்குன்னு எனக்குச் சொல்லாம மூடி மறைச்சு, என்னைக் காப்பாத்தப் பாத்தியாக்கும். நான் என்ன கண்ணாடிச் சாமானா?" அக்காளின் குரல் உடைந்தது. "அந்த ஆள் என்னைப் பாவம்னாரு. இப்ப நீயும் அதையே பண்ற."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சின்னவள் சாயங்காலம் மேலே போனால் கதவு தாழிட்டிருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அத்தான் மட்டும் வெளியே வந்து, உள்ளே ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாள், கிட்டே போனால் கடிக்கிறாள் என்றார். தன்னால்தான் எல்லாம் என்று சின்னவள் நொந்துபோனாள். பழிவாங்குகிறேன் என்று கிளம்பி, அக்காளை இரண்டாம் தரம் அறைக்குள் தள்ளியதுதான் மிச்சம்.

கூட்டத்தன்று நூலக மாடியில் நாற்காலி போதவில்லை. கீழே குழந்தைகள் பகுதியிலிருந்து குட்டை நாற்காலிகளை எல்லாம் தூக்கி வந்து போட்டார்கள். பரிசுக்குழுவிலிருந்து இரண்டு பேர் முன்வரிசையில். சிவப்பு மை புதுச் சட்டையில், சட்டைப்பையில் பேனாவோடு, ஜன்னலோர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு சிரமமாகவே தெரியவில்லை. புகழ்ச்சி கேட்க வந்தவருக்கு வாய் எதற்கு?

பேருந்து ஓட்டுநர் உருகினார். "சார், அந்தக் காலை வச்சு மூடுற இடத்துல எனக்கு என் காலே கூசிருச்சு. வண்டியில பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பொம்பளை ஞாபகம்தான் வருது."

பல் டாக்டரம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் பழைய படகுத்துறைக்கே போயி நின்னு பாத்தேன். இந்த இடத்துல ஒருத்தி இப்படி நின்னிருக்கான்னு நினைச்சப்ப அழுகையே வந்துருச்சு. கற்பனையா இருந்தா அழுதிருக்க மாட்டேன். நிஜமா நடந்ததுன்னு சார் முன்னுரையில சொன்னாரே, அதான்."

சிவப்பு மை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவள் முறை வந்தது. எழுந்து, நடை சற்று இழுவை என்று ஆரம்பிக்கப்போனாள்.

கதவு திறந்தது. அக்காள் வந்தாள். ஒரு கையில் நாவல், இன்னொரு கையில் தன் புத்தகம். பின்னால் மீசையைத் தடவிக்கொண்டு மாமா. வட்டத்தின் சட்டப்படி புத்தகத்தைப் படித்த யாரும் பேசலாம்.

"நானும் ஒரு வாசகிதான். படிச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள் அக்காள். "கடைசியாப் பேசலாமா?"

கடைசிப் பேச்சு சின்னவளுடையது. அதற்காகத்தான் அத்தனை குதிரைகளையும் ஒற்றர்களையும் அவள் சகித்துக்கொண்டாள். ஒரு கணம் அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை, பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு அக்காளின் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் வரைபடத்தின் முன்னால் நிற்கும்போது இருக்குமே, அந்த முகம். சின்னவள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

அக்காள் முதலில் தன் புத்தகத்தின் பத்தியைப் படித்தாள். அது எந்த வருஷம் அச்சானது என்று சொன்னாள். பிறகு நாவலின் முன்னுரையைப் படித்தாள். இதுவரை எவராலும் எழுதப்படாதது என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தாள். முன்வரிசையில் பரிசுக்குழுக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தச் சம்பவம் நடக்கவே இல்ல" என்றாள் அக்காள். "என் புத்தகத்துல இருக்கிறது பொய். எனக்கு அது முந்தாநாள்தான் தெரியும். சார் அன்னைக்கு என் புத்தகத்தை அடுப்படிப் பேச்சுன்னு சொன்னாரு. இந்த ஒரு பத்தியைப் பொறுத்தவரைக்கும் அவர் சொன்னது ரொம்பச் சரி. எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து எங்க மாமா சொன்னதுதான் இது. நான் விசாரிக்காம எழுதினேன். தப்பு என்னோடது. இந்தச் சபையில ஒத்துக்கிறேன்."

அக்காள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. எங்க வீட்டு அடுப்படியில பேசினது, படகுத்துறை அலுவலக ஆவணத்துக்குள்ள எப்படிப் போச்சு?"

சிவப்பு மை வாயைத் திறந்தார். "சார், சட்டம்" என்றாள் சின்னவள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது அவளுக்குக் கிடைத்த திருப்தியை எழுதினால் நீங்கள் அவளைத் தப்பாக நினைப்பீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஆனா அந்த ஓடக்காரி உண்மையிலேயே இருந்தாளா இல்லையா?" என்று பல் டாக்டரம்மா பாவமாகக் கேட்டார்.

"இருக்கேங்க" என்று பின்னாலிருந்து மாமா எழுந்தார். "நான்தான்."

அட்டைப் படகு, கிழிந்த அடிப்பாகம், வசனம் மறந்த அதிகாரி, எல்லாவற்றையும் இடது காலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். முதலில் சிரித்தது ஓட்டுநர்தான். பிறகு அறையே சிரித்தது. அன்று அக்காளைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள், அதே பற்கள். பல் டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் யாருக்காக சார் அழுதேன்?" என்று நேராக ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். பரிசுக்குழுக்காரர்கள் இருவரும் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டு புத்தகத்தை மூடிவைத்தார்கள். சிவப்பு மையின் கழுத்து அவர் பேனா மையின் நிறத்துக்கு வந்திருந்தது. போட்டிருந்த காலை எப்போதோ இறக்கிவிட்டார்.

"எல்லாரும் பேசியாச்சு" என்றாள் சின்னவள். "சார் ஒரு கேள்வி கேக்கலாம். விளக்கம் கூடாது."

அவர் எழுந்து நின்றார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். இங்கே பேசியது இந்த அறையோடு போகும், கூட்டம் கலைந்தால் ஆளாளுக்கு மறந்துவிடுவார்கள், வாசலில் ஒட்டுகிற தாளும் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், அச்சில் வராதவரை தப்பிக்க வழி உண்டு என்று சரித்திரம் படித்த அந்த மண்டை கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"டீச்சர்" என்றார். பாவம் என்று சொன்ன குரல் இல்லை இது. "நீங்க... உங்க புத்தகத்துல இதைத் திருத்தப் போறீங்களா? இல்ல, அப்படியே விட்டுடுவீங்களா?"

அக்காள் அவசரப்படாமல் இரண்டு புத்தகத்தையும் மேஜைமேல் அடுக்கினாள். "திருத்தாம எப்படி சார்? மறுபதிப்பு போடுறேன். கூடவே கயிறு திரிக்கிறவங்க புத்தகமும் வருது, பீரோவுல இருந்து இறக்கியாச்சு. அந்தப் பத்தியை நான் எடுக்கப் போறதில்ல. அப்படியே வச்சு, கீழ அடிக்குறிப்பு போடப்போறேன். இது நடந்ததில்ல, ஒரு நாடகத்துல வந்தது, இதை உண்மைன்னு நம்பி எழுதினவங்க ரெண்டு பேர்னு. ஒண்ணு நான். என் பேர் அட்டையிலயே இருக்கு."

சின்னவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். சின்னவள் அவசரமாக ஒரு பேனாவையும் தாளையும் தேடிக் கொடுத்தாள். அக்காள் எழுதத் தயாராக மேஜையில் குனிந்தாள்.

"உங்க முழுப்பேர், இனிஷியல், படிச்ச பட்டம் எல்லாம் சொல்லுங்க சார். நாளைக்குப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம், தப்பா வந்துடக் கூடாது."

அறை முழுக்கக் காத்திருந்தது. அவர் ஒருதரம் கதவைப் பார்த்தார், ஒருதரம் பரிசுக்குழுவைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் தன் பேரைச் சொன்னார்.

"கேக்கல சார்" என்றாள் அக்காள்.

அவர் மறுபடியும் சத்தமாகச் சொன்னார்.